ஒட்டுண்ணி ஈக்களைப் படத்தில் இனங்காண்பது: மலையகத்தில் தொடங்குவோருக்கு

இலங்கை மலையகத்தில் கமெராவோடு திரிகிறவர்களில் பெரும்பாலானோர் பறவைக்கோ வண்ணத்துப்பூச்சிக்கோதான் குறி வைக்கிறார்கள். ஈ என்றால் குப்பை, சாணம், மாட்டுக்கொட்டில் என்றுதான் எல்லோருக்கும் நினைவு போகும். ஆனால் கோவாப் பாத்தியிலும் தேயிலை மலையிலும் இலை தின்னும் புழுக்களின் உடலுக்குள் வளர்ந்து, அவற்றைக் கொன்றுவிட்டு வெளியே வரும் ஈக்கள் நம் வேலியோரங்களிலேயே தாராளமாக இருக்கின்றன. விவசாயிக்குச் சம்பளம் கேட்காமல் வேலை செய்யும் கூட்டம் அது.

இவற்றில் ஒன்றைப் படமெடுத்து "இது என்ன ஈ?" என்று யாரிடமாவது கேட்டால், பெரும்பாலும் "சொல்ல முடியாது" என்றே பதில் வரும். கேட்டவருக்கு எரிச்சலாக இருக்கும். படம் அவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்பார். தெளிவு வேறு, தகவல் வேறு. ஈயின் அழகான முதுகு பளிச்சென்று விழுந்திருக்கும். பெயரைத் தீர்மானிக்கும் பக்கவாட்டு மயிர் ஒன்றுகூட விழுந்திருக்காது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி, படமெடுப்பதைப் பற்றியது. எடுத்த படம் எந்த மட்டம் வரை பேசும், எங்கே வாய் மூடும் என்பது மறுபாதி.

எந்த ஈக்களைத் தேடுகிறோம்

ஒட்டுண்ணி ஈ என்பது ஒரே குடும்பத்தின் பெயரன்று. பல குடும்பங்கள் தனித்தனியாக இந்தப் பிழைப்புக்கு வந்திருக்கின்றன. முதலில் அவற்றின் முகத்தோற்றத்தைப் பழகிக்கொள்ளுங்கள். சில குடும்பங்களைக் கைத்தொலைபேசிப் படத்திலேயே சொல்லிவிடலாம்.

குளவியைப் போல இடை மெலிந்து, தலை தடித்து, நீண்ட குழல் வாயோடு பூவில் உட்காரும் ஈ கோனோப்பிடே குடும்பம். இவை தேனீக்களையும் குளவிகளையும் பறக்கும்போதே பிடித்து உடலுக்குள் முட்டையிடும். உடலெங்கும் மென்மயிரும், பல இனங்களில் கறுப்புத் தீட்டிய இறக்கையுமாக, மண்பாதையில் தாழப் பறந்து நிற்பவை பொம்பிலிடே. தலை முழுவதும் கண்ணாகவே இருக்கும் சின்னஞ்சிறு ஈ, புல்லுக்கிடையில் அந்தரத்தில் நின்று இலைத்தத்துப் பூச்சிகளைத் தேடினால் அது பிபன்குலிடே. கூனல் முதுகும் கடுகளவு தலையும் உள்ளவை அக்ரோசெரிடே, சிலந்திகளுக்குள் வளர்பவை. நாய், புறா, வௌவால் ஆகியவற்றின் உடலில் தட்டையாக ஒட்டி, நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும் ஈக்கள் இரத்தம் குடித்து வாழ்பவை. அவற்றின் பிழைப்பு வேறு; இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன்.

எஞ்சியிருப்பது டக்கினிடே. உலகம் முழுவதும் 8,500க்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டிருக்கும் பெருங்குடும்பம் இது. மலையகத்தில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவதும், அதிகம் குழம்பப்போவதும் இவற்றில்தான். சாம்பல் நிறம், முதுகில் கோடுகள், முள் முள்ளாக மயிர். பார்த்தால் வீட்டு ஈ சற்றுப் பெருத்துவிட்டது போலத் தோன்றும். இனி எழுதுவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைப் பற்றியதே.

எங்கே, எப்போது

வளர்ந்த டக்கினிட் ஈக்கு வேண்டியது தேனும், செடிப்பேன் (அசுவினி) கழிக்கும் இனிப்புநீரும். நீண்ட குழலில்லாத வாய் என்பதால் பெரும்பாலானவை ஆழமில்லாத சிறு பூக்களை நாடும். விதைக்காக விட்ட கரட், பூத்த கொத்தமல்லி, பெருஞ்சீரகம் ஆகியவை முதல் இடம். வீதியோரக் காட்டுச் சூரியகாந்தியையும் தேயிலை மலைகளுக்கு இடையே உள்ள மானாப்புல் ஓரங்களையும் அடுத்ததாகப் பாருங்கள். அசுவினி மொய்த்துப் பிசுபிசுக்கும் இலைகளின் மேல் பரப்பையும் மறக்கவேண்டாம்.

குளிர் நமக்குச் சாதகம். நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவளைப் பக்கம் காலை வேளையில் ஈக்களால் உடனே பறக்க முடியாது. வெயில் முதலில் விழும் இலையில் உட்கார்ந்து உடலைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். சூரியன் மேலேறி அரைமணி நேரம்தான் அந்தப் பொறுமை. கண்டியிலோ மாத்தளையிலோ இதே ஈயைத் துரத்திக் களைப்பவர்கள் மேலே வந்து பார்க்க வேண்டும்.

நண்பகலில் உச்சிக்குப் போங்கள். டக்கினிட்களில் பல இனங்களின் ஆண்கள் குன்றின் முகட்டில் கூடிப் பெண்ணுக்காகக் காத்திருக்கும். ஒரே பாறையை, ஒரே கிளை நுனியைப் பிடித்துக்கொண்டு, விரட்டினாலும் அங்கேயே திரும்பி வந்து உட்காரும். கமெராவை அந்த இடத்தில் குவியப்படுத்தி வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் இருக்கை, எல்லயில் சின்ன சிவனொளிபாதம், நுவரெலியாவில் சிங்கிள் ட்ரீ மலை போன்ற ஏறுவதற்கு எளிதான முகடுகள் இதற்கு ஏற்றவை. ஊரில் பெயரில்லாத குன்றும் அதே வேலையைச் செய்யும்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை வெயில் கிடைப்பது அரிது. சனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு மாறும். அங்கே மழை கொண்டுவருவது வடகிழக்குப் பருவக்காற்று. மற்றவர்கள் நனையும் ஜூன், ஜூலையில் ஊவாவில் நீங்கள் வேலை பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். குளவிக் கொட்டு மலையகத்தில் விளையாட்டல்ல. தோட்டங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. பாறைமுகப்பிலோ பெரிய மரத்திலோ கூடு தெரிந்தால் பிளாஷை அணைத்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள். எங்கே கூடு இருக்கிறது என்பது கொழுந்து பறிப்பவர்களுக்குத் தெரியும். மலைக்குள் இறங்குமுன் கேளுங்கள். அவர்களிடமே எந்த மலையில் புழு விழுந்திருக்கிறது என்றும் கேட்கலாம். அடுத்தது, மருந்தடித்த மரக்கறித் தோட்டம். அங்கே ஈயும் இருக்காது, உங்கள் உடம்புக்கும் நல்லதில்லை. தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி வாங்குவது மரியாதை மட்டுமல்ல, பிற்பாடு கேள்வி வராமலும் காக்கும்.

கருவி

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. கைத்தொலைபேசியில் கொழுவும் மக்ரோ லென்ஸ், நகரும் ஈக்குச் சிரமம் கொடுத்தாலும் குளிர்காலைக்குப் போதும். கொஞ்சம் செலவழிக்க முடிந்தால், இருக்கிற கமெராவின் லென்ஸ் முன்னால் கொழுவும் ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்ற உருப்பெருக்கி நல்ல முதலீடு. ஒலிம்பஸ் டஃப் டிஜி வரிசையில் உள்ள சிறு கமெராக்கள் மிக அருகில் குவிக்கும், மழைக்கும் அஞ்சாது.

லென்ஸைவிட வெளிச்சம் முக்கியம். கறுத்த உடலில் கறுத்த மயிர் தெரிய வேண்டுமென்றால் மென்மையான, பரந்த ஒளி வேண்டும். வெள்ளை யோகட் கோப்பையின் அடியை வெட்டி பிளாஷுக்கு முன்னால் மாட்டினால் கடையில் விற்பதற்குச் சமமான பலன் கிடைக்கும். துவாரம் எஃப்8 முதல் எஃப்11, வேகம் 1/160 அல்லது 1/200, ஐஎஸ்ஓ 200 முதல் 400. இதில் தொடங்கி உங்கள் கைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எடுக்க வேண்டிய கோணங்கள்

முதல் படம் எப்படியும் மேலிருந்துதான் விழும். விழட்டும். அது ஈ ஓடிவிட்டால் கையில் இருக்க வேண்டிய சான்று. முதுகுக் கோடுகள், வயிற்றின் நிறம், மார்பின் பின்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் அரைவட்ட மடல் எல்லாம் அதில் தெரியும். அந்த மடலைக் கேடயம் என்று அழைப்போம். அதன் விளிம்பில் எத்தனை முள்மயிர்கள், நுனியில் உள்ள இரண்டும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டுகின்றனவா என்பவை பிற்பாடு கேட்கப்படும் கேள்விகள்.

அதன்பின் பணிந்து, ஈயின் மட்டத்துக்கு இறங்கி, பக்கவாட்டிலிருந்து எடுங்கள். இதைத் தவறவிட்டால் மற்ற எல்லாவற்றையும் எடுத்தும் பயனில்லை என்றே சொல்வேன். கேடயத்துக்கு அடியில், மார்பு வயிற்றோடு சேரும் இடத்தில், ஒரு புடைப்பு இருக்கிறதா என்பதே டக்கினிடேயின் கையொப்பம். கேடயத்துக்குக் கீழே சின்னத் தலையணையைச் செருகியது போல இருக்கும். வீட்டு ஈயிலும் பச்சை ஈயிலும் அந்த இடம் தட்டையாகவோ உள்வாங்கியோ இருக்கும். இறக்கை மறைத்தால் சற்றுப் பின்பக்கமாக நகருங்கள். ஈ கால்களால் இறக்கையைத் துடைக்கும் கணத்தில் நன்றாகத் தெரியும்.

அதே பக்கவாட்டுப் படத்தில், இறக்கை அடிக்குக் கீழே, பின்னங்காலுக்கு மேலே, மார்பின் பக்கச்சுவரில் நெடுக்காக ஒரு வரிசை முள்மயிர் தெரிகிறதா என்று பாருங்கள். டக்கினிட், பச்சை ஈ, தசை ஈ (கோடு போட்ட சாம்பல் ஈ, அடையாளம் பின்னால் வரும்) ஆகிய மூன்றுக்கும் அந்த வரிசை உண்டு. வீட்டு ஈயின் குடும்பத்துக்குக் கிடையாது.

மூன்றாவது, முகம். நேர் முன்னாலிருந்து ஒன்று, சற்றுச் சாய்வாக ஒன்று. கண்ணின் மேல் மயிர் இருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். ஒளி பின்னாலிருந்து வரும்போது கண்விளிம்பில் மயிர் இருந்தால் மெல்லிய புகை போலத் தெரியும். உணர்கொம்பு எவ்வளவு நீளம், அதிலிருந்து கிளம்பும் தனிமயிர் வெறுமையானதா, இறகு போலக் கிளைத்ததா என்பதும் இந்தப் படத்தில்தான் வரும். கண்கள் இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒடுங்கியிருந்தால் பெரும்பாலும் ஆண், அகன்றிருந்தால் பெண். பெரும்பாலும் என்றுதான் எழுதுகிறேன்; விதிவிலக்குகள் உண்டு.

இறக்கைக்குத் தனிப்படம் வேண்டும். வெளிறிய இலையோ வானமோ பின்னணியில் இருந்தால் நரம்புகள் எழுந்து நிற்கும். நடுவில் ஓடும் பெரிய நரம்பு, நுனிக்கு வருமுன் மடங்கி முன்விளிம்பை நோக்கித் திரும்புகிறதா என்று பாருங்கள்.

கால்களைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பின்னங்காலின் கணைக்காலில் முள்மயிர்கள் ஒழுங்கின்றி நிற்கின்றனவா, சீப்புப் பல் போல ஒரே உயரத்தில் நெருங்கி நிற்கின்றனவா என்பது சில பேரினங்களைப் பிரித்துக் கொடுக்கும். ஈ இருந்த இலை, பூ, சுற்றுப்புறம் ஆகியவற்றையும் தூரத்திலிருந்து ஒன்று எடுத்துவிடுங்கள். அளவு தெரிய, ஈ பறந்த பின் அதே இலையில் அடிமட்டத்தை வைத்து இன்னொரு படம்.

படத்தை வாசிக்கும் வரிசை

வீட்டுக்கு வந்து கணினித் திரையில் படத்தைப் பெருக்கியதும் கை பெயர் தேடத் துடிக்கும். துடிக்கட்டும், வரிசையை மாற்றாதீர்கள்.

இறக்கை எத்தனை? இரண்டு என்றால் ஈ. நான்கு என்றால் தேனீயோ குளவியோ. கேட்க அற்பமாக இருந்தாலும், மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட ஈக்களிடம் ஏமாறாதவர் குறைவு. அடுத்து, உடலில் பருத்த முள்மயிர் உண்டா? வழுவழுப்பாக, பூவுக்கு முன்னால் அசையாமல் அந்தரத்தில் நின்றதென்றால் அது பெரும்பாலும் சிர்பிடே குடும்பத்துப் பூ ஈ. பச்சை, நீலம் என்று உலோகம் போல மின்னினால் முதல் சந்தேகம் பச்சை ஈக்களின் குடும்பம். இறைச்சிக் கடையில் சிவப்புக் கண்ணோடு உட்காரும் கிரைசோமியா நினைவுக்கு வர வேண்டும். ஆனால் மின்னும் டக்கினிட்களும் உலகில் உண்டு என்பதால் நிறத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது.

சாம்பல் உடல், மார்பில் மூன்று தெளிவான கறுப்புக் கோடுகள், வயிற்றில் சதுரங்கக் கட்டம் போல ஒளிக்கேற்ப மாறும் திட்டுகள் என்றால் தசை ஈ. புதியவர்கள் டக்கினிட் என்று அனுப்பும் படங்களில் இதுவே அதிகம். டக்கினிட்களில் பலவற்றுக்கு நான்கு கோடுகள் இருக்கும், மயிர் இன்னும் முரடாக, வயிற்றின் பின்பாதியில் செங்குத்தாக நிற்கும், உணர்கொம்பின் தனிமயிர் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். தசை ஈயில் அந்த மயிர் அடிப்பாதியில் கிளைத்திருக்கும்.

இறக்கை நரம்பு மடங்குகிறது என்பதை மட்டும் வைத்து டக்கினிட் என்று எழுதாதீர்கள். வீட்டு ஈக்கும் மடங்கும். நரம்பு நேராகவே ஓடினால் டக்கினிட்டாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று ஒதுக்கத்தான் அது உதவும். தீர்ப்புச் சொல்வது கேடயத்தின் கீழ்ப் புடைப்பு. புடைப்பும், பக்கச்சுவரின் முள்மயிர் வரிசையும் ஒரே படத்தில் தெரிந்தால் குடும்பத்தின் பெயரைத் தயங்காமல் எழுதலாம்.

குடும்பத்துக்குக் கீழே

டக்கினிடேயில் நான்கு துணைக்குடும்பங்கள். ஃபாசினே என்பவை செடிச்சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளுக்குள் வளர்பவை. டெக்சினே பெரும்பாலும் வண்டுப் புழுக்களுக்குள். எக்சோரிஸ்டினேயும் டக்கினினேயும் பெரும்பகுதி வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்குள். உருவத்தில் எளிதாகப் பிடிபடுபவை சில இருக்கின்றன. நீண்ட கால்களும், தலைக்கு முன்னால் ஊசி போல நீட்டிய வாயுமாகப் பூவில் நிற்பது ப்ரொசெனா. மண்ணுக்குள் வேர் தின்னும் வெள்ளைப் புழுக்களை நாடுவது. சிவந்த உருளை வயிறோடு குளவிச் சாயலில் திரிவது சிலிண்ட்ரோமியா, இரை, நாவாய்ப்பூச்சி. இவற்றைப் பேரினம் வரை சொல்ல நல்ல படம் போதும்.

சாம்பல் கூட்டத்துக்கு வரும்போது நடை மெதுவாகும். உதாரணத்துக்கு, விதைக் கரட் பூவில் எடுத்த பத்து மில்லிமீற்றர் ஈ ஒன்றின் படங்களை வைத்துக்கொள்வோம். மேலிருந்து எடுத்ததில் நான்கு கோடுகள், முரட்டு மயிர். இது மட்டும் இருந்தால் "டக்கினிடேயாக இருக்கலாம்" என்று நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் புடைப்புத் தெளிவு: டக்கினிடே உறுதி. முகப்படத்தில் கண் வெறுமை என்றால் எக்சோரிஸ்டா என்ற பேரினமும் அதைச் சார்ந்தவையும் பட்டியலில் நிற்கும். கண்ணில் அடர்ந்த மயிர் என்றால் கார்சீலியாவை நினைக்கலாம். பின்னங்காலில் சீப்பு வரிசையும் இருந்தால் நினைப்பு வலுக்கும். மயிர்க்கண் உள்ள பேரினங்கள் வேறும் உண்டு என்பதால் "கார்சீலியாவாக இருக்கக்கூடும்" என்று எழுதுவதே நேர்மை. இனத்தின் பெயருக்குப் போக வழியில்லை. ஆண் ஈயின் பின்முனை உறுப்பை நுண்காட்டியில் பிரித்துப் பார்த்தால்தான் பல இனங்கள் பிரியும். தசை ஈக்களுக்கும் இதே நிலைதான்.

இங்கேதான் செயலிகள் புதியவரின் காலை வாரும். ஐநேச்சுரலிஸ்ட் போன்றவற்றில் படத்தைப் போட்டவுடன் கணினி ஒரு பெயரை நீட்டும். அது கற்றது மற்றவர்கள் ஏற்றிய படங்களிலிருந்து. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆயிரமாயிரமாய்ப் படமெடுக்கப்பட்ட ஈயின் பெயர் அதன் நாக்கு நுனியில் இருக்கும். ஹப்புத்தளை ஈக்கு அங்கே ஆள் குறைவு. மஞ்சள்சிவப்பு வயிறுள்ள பெரிய டக்கினாப் பேரினத்து ஈ ஒன்றைப் போட்டால் டக்கினா ஃபெரா என்று ஐரோப்பிய இனத்தை நீட்டினால் வியப்பதற்கில்லை. குடும்பப் பெயருக்குக் கணினியின் யோசனையைக் கேளுங்கள். அதற்குக் கீழே அது சொல்வதை இலங்கையில் அந்தப் பேரினம் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். தெற்கு, தென்கிழக்கு ஆசிய டக்கினிட்களுக்கு ரோஜர் குரொஸ்கி 1976 இல் வெளியிட்ட தொகுப்புதான் இன்றைக்கும் அடித்தளம். அதன்பின் பெயர்கள் பல மாறியிருப்பதால் பழைய பெயரையும் புதிய பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

புழுவை வளர்த்துப் பாருங்கள்

நல்ல லென்ஸ் தராத தகவலை ஒரு யோகட் கோப்பை தரும். ஈ எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று தெரிந்தால் பட்டியல் பாதியாகச் சுருங்கும். ஆய்வாளர்களுக்கும் உங்கள் படத்தின் மதிப்பு பல மடங்கு உயரும். மலையகத்து ஈக்களில் எது எந்தப் புழுவைத் தின்கிறது என்பதைச் சொல்லும் படம், ஈயின் அழகுப் படம் பத்துக்குச் சமம்.

எல்லா டக்கினிட்களும் ஒரே விதமாக முட்டையிடுவதில்லை. எக்சோரிஸ்டா போன்றவை புழுவின் தோலில், பெரும்பாலும் தலைக்குப் பின்னால், வெள்ளை முட்டைகளை ஒட்டிவிடும், கண்ணுக்கே தெரியும். வேறு சில, இலையில் மிக நுண்ணிய முட்டைகளைத் தூவிவிட்டுப் போகும். இலையோடு சேர்த்துப் புழு அவற்றை விழுங்கும். இன்னும் சில, மண்ணிலோ இலையிலோ உயிருள்ள குட்டிப் புழுக்களை விட்டுவிட, அவை இரை வரும்வரை காத்துக் கிடக்கும். ஆகவே வெள்ளை முட்டை தெரியாத புழுவையும் வளர்த்துப் பார்ப்பதில் தவறில்லை. தோலில் காரணமில்லாத கறுப்புத் தழும்பு இருந்தால் உள்ளே ஆள் நுழைந்திருக்கலாம். பட்டுப்புழு வளர்ப்போர் ஊஜி ஈயைக் கண்டுகொள்வது இந்தத் தழும்பை வைத்துத்தான். எக்சோரிஸ்டா பேரினத்தைச் சேர்ந்த அந்த ஈ 1980 இல் கர்நாடகாவுக்குள் புகுந்து பட்டுத்தொழிலை ஆட்டிப்படைத்தது. நமக்கு நண்பனான குடும்பம் அவர்களுக்குப் பகை.

எதை வளர்ப்பது? கோவாவில் உள்ள பச்சைப் புழுக்கள், மண்ணுக்கு அடியில் ஒளிந்து இரவில் தண்டை அறுக்கும் வெட்டுப்புழு, 2018 இல் நாட்டுக்குள் வந்து சோளத்தைத் தின்னும் சேனாப் படைப்புழு, தேயிலையில் இலையைச் சுருட்டி உள்ளே இருக்கும் புழு. எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில். தேயிலையில் காணும் சுணையுள்ள புழுக்களை மட்டும் விரலால் தொடாதீர்கள். இலையோடு வெட்டி எடுங்கள்.

ஒரு கோப்பையில் ஒரு புழுதான். மூடிக்குப் பதில் நுளம்பு வலைத் துண்டை றப்பர் பட்டியால் கட்டுங்கள். அது தின்றுகொண்டிருந்த அதே செடியின் இலையைத் தினமும் மாற்றி, கழிவைக் கொட்டிவிட வேண்டும். ஈரம் தேங்கினால் பூஞ்சணம் பிடித்து எல்லாம் போய்விடும். புழு தோல் உரித்தால் முட்டைகளும் தோலோடு போய்விடக்கூடும். அப்படியானால் அந்தப் புழு தப்பித்தது. வண்ணத்துப்பூச்சியோ அந்துப்பூச்சியோ வரும், அதையும் பதிந்துகொள்ளுங்கள்.

உள்ளே ஈ வளர்ந்திருந்தால் ஒரு நாள் புழுவோ அதன் கூடோ துவண்டு, வெளிறிய ஈப்புழு வெளியே வரும். கோப்பையின் அடியில் சற்றே ஈரமான மண்ணோ மடித்த டிஷூவோ வைத்திருந்தால் அதில் புதைந்து, பழுப்பு நிற, பீப்பாய் வடிவ ஓடாக இறுகும். இதே கட்டத்தில் பட்டு நூலால் பின்னிய சிறு கூடு தென்பட்டால் அது ஈயல்ல, ஒட்டுண்ணிக் குளவி. தேயிலையில் இலை சுருட்டும் ஹொமோனாப் புழுவை அடக்க 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட மக்ரோசென்ட்ரஸ் அந்தக் குளவிக் கூட்டத்தைச் சேர்ந்தது. தேயிலைப் புழுவை வளர்க்கும் யாரும் அதைச் சந்திக்காமல் இருக்க மாட்டார்கள்.

ஓட்டிலிருந்து ஈ வெளிவர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். நுவரெலியாக் குளிரில் இன்னும் நீளும். பொறுமையிழந்து குப்பையில் கொட்டிவிடாதீர்கள். வெளிவந்த ஈ முதல் நாளில் வெளிறி, இறக்கை சுருங்கி இருக்கும். ஒரு நாள் விட்டு, நிறம் இறுகிய பின் மேலே சொன்ன எல்லாக் கோணங்களிலும் எடுங்கள். கோப்பையோடு சில நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அடங்கி நிற்கும். பிறகு விட்டுவிடலாம். ஓட்டையும் புழுவின் எச்சத்தையும் காகித உறையில் போட்டுத் திகதி எழுதி வையுங்கள். ஓட்டின் பின்முனையில் உள்ள மூச்சுத்துளைகளின் அமைப்பும் பேரினத்தைச் சொல்ல உதவும்.

ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களிலிருந்து புழுவையோ இலையையோ எடுத்து வரக்கூடாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பூச்சிக்கும் பொருந்தும். அங்கே படம் மட்டும்தான். உலர்ந்த ஈயை வெளிநாட்டு நிபுணருக்குத் தபாலில் அனுப்புவதற்கும் அனுமதி வேண்டும். வளர்ப்பை வீட்டுத் தோட்டத்தோடும், அனுமதி பெற்ற தேயிலை மலையோடும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்வது

ஒவ்வொரு ஈக்கும் திகதி, நேரம், அண்மித்த ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம், செடி, ஈ என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் குறியுங்கள். உயரத்தை விடாதீர்கள். 1,200 மீற்றருக்கு மேலே விளையும் தேயிலையைத் தனி வகையாகப் பிரிப்பது போலவே பூச்சிகளின் கூட்டமும் உயரத்தோடு மாறும். "நுவரெலியா மாவட்டம்" என்று மட்டும் எழுதினால் ஹங்குராங்கெத்தையும் பிதுருதலாகலையும் ஒன்றாகிவிடும். வளர்த்த ஈ என்றால் புழு கிடைத்த நாள், ஈப்புழு வெளிவந்த நாள், ஈ பறந்த நாள் மூன்றும் வேண்டும்.

ஒரே ஈயின் எல்லாக் கோணங்களையும் ஒரே பதிவில் இடுங்கள். பக்கத்துப் பூவில் இருந்த இன்னொன்றின் முகப்படம் நன்றாக இருக்கிறதே என்று சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே இனமென்று யார் சொன்னது?

பெயர் எழுதும் இடத்தில் படம் காட்டும் மட்டத்தோடு நில்லுங்கள். புடைப்புத் தெரிந்தால் டக்கினிடே. தெரியாவிட்டால் "முள்மயிர் உள்ள ஈ" என்று மேல்மட்டத்திலேயே விடுங்கள். யாராவது இனப்பெயர் சொன்னால் எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். தெரிந்தவர் மகிழ்ச்சியோடு விளக்குவார். அந்த விளக்கத்தையும் பதிவின் கீழேயே எழுதிவையுங்கள், அடுத்த ஈயில் எதைப் பார்க்க வேண்டும் என்பது அதில் இருக்கும். பதில் வராத படங்களை அழிக்க வேண்டாம். ஜன்னல் விளிம்பிலும் சிலந்தி வலையிலும் செத்துக் கிடக்கும் ஈக்களையும் கசங்காமல் எடுத்துக் காகிதத்தில் மடித்து, திகதியும் இடமும் குறித்து வையுங்கள். படத்தில் தெரியாத முள்மயிரை அதில் கைவில்லையால் எண்ணலாம்.